ஐலெட் வாத்தியார்

அர்த்தனாரி ஒரு கைத்தொழில் ஆசிரியர். கைத்தொழில் தெரியாத கைத்தொழில் ஆசிரியர் என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் சொல்வதற்குள் முந்திக்கொள்வது நல்லது என்பது அவர் கட்சி. வேலையில் சேரும்போது காகிதப் பூச் செய்வேன், பாய் முடைவேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். காகிதப் பூ உண்மை. பாய் முடைந்தது அவருடைய சித்தப்பா. இவர் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றிருக்கிறார். கொல்லிமலையில் குண்டூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் இருக்கிற ஒரு நடுநிலைப் பள்ளிக்கு இந்தத் தகுதி போதும் என்று அரசாங்கம் நினைத்தது. அவரும் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசவில்லை.

ஒரே ஒரு குறை, வேலை தற்காலிகம். வருஷா வருஷம் மே மாதம் வந்தால் அவர் ஆசிரியராக இருப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜூன் மாதம் யார் யாரையோ கும்பிட்டு மறுபடி ஆசிரியராக வேண்டும். இப்படிக் கும்பிட்டுக் கும்பிட்டே தலை நரைத்துவிட்டது. சொந்த ஊர் அடிவாரத்தில் புளியஞ்சோலைப் பக்கம் என்றாலும், வேலைக்காக மலைமேல் செம்மேட்டில் வாடகைக்கு வீடு பிடித்து, மனைவி நாமகிரியோடும் மகள் கோகிலாவோடும் இருந்தார். கோகிலாவைப் பெண் பார்க்கக் கீழேயிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெண்ணைப் பிடித்திருந்தது. காபியும் பிடித்திருந்தது. பையனின் அப்பா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "வாத்தியாருன்னு சொன்னாங்க, சரீங்க. பர்மனென்டுங்களா?" என்று கேட்டார். அர்த்தனாரி கூரையைப் பார்த்தார். "ஆர்டர் வந்தொடனே ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்தார்கள். மிச்சக் காபியை நாமகிரி வாசலில் ஊற்றினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆர்டர் என்ற சொல்லைத் தவிர வேறு பேச்சு இல்லை.

இந்த நிலைமையில்தான் மலைவாழ் மாணவர் பாதநல இயக்ககம் பள்ளிக்கு ஷூக்களை அனுப்பியது. கறுப்பு ஷூ, கயிறு கட்டுகிற வகை. பெட்டியைப் பிரித்த தலைமையாசிரியை பானுமதி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கயிறு போக வேண்டிய இடத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை வர வேண்டிய இடத்தில் வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தது. கூட வந்த கடிதம் விஷயத்தை விளக்கியது. துளை என்பது இல்லாத ஒரு பொருள். இல்லாத பொருளுக்கு டெண்டர் விட விதிகளில் இடமில்லை. ஆகவே துளையும், துளையைச் சுற்றி வரும் ஐலெட் என்ற உலோக வளையமும், இயக்ககத்தின் ஐலெட் பிரிவால் தனியே கவனிக்கப்படும். இதற்கென ஒவ்வொரு பள்ளியும் ஓர் ஐலெட் பொறுப்பு ஆசிரியரை நியமித்துத் தெரிவிக்க வேண்டும்.

பானுமதி டீச்சர் சுற்றிலும் பார்த்தார். அனுபவம் உள்ள ஆசிரியர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே ஏதோ பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்த்தனாரி மட்டும் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானுங்க சார் இதுக்குச் சரி" என்றார் டீச்சர். "இதுல நல்ல பேரு எடுத்தீங்கன்னா ஆர்டர் உங்களத் தேடிக்கிட்டு வரும், பாத்துக்குங்க."

"ஐலெட்டுன்னா என்னங்க டீச்சர்?"

"ஏனுங்க, பொறுப்பு நீங்க. எங்கிட்டக் கேட்டா எப்படி?"

பயிற்சி நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் நடந்த கல்யாணத்தின் வாழைமரங்கள் இன்னும் நின்றன. ஐலெட் பிரிவின் இணை இயக்குநர் ஜீவானந்தம் மேடையில் மணமக்களுக்கான சிம்மாசனத்திலேயே உட்கார்ந்து பேசினார். கனத்த உடம்பு, கனத்த குரல். இடுப்பில் ஒரு கையை வைத்துத் தாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

"ஆசிரியப் பெருமக்களே, ஐலெட் என்றால் என்ன? ஒரு துளை, அதைச் சுற்றி ஒரு வளையம். துளை என்பது வெறுமை. வளையம் என்பது நிர்வாகம். துளைக்குள் ஒன்றும் இருக்காது, இருக்கவும் கூடாது. அந்த ஒன்றுமில்லாததைக் கிழியாமல் கட்டிக் காப்பதுதான் வளையத்தின் கடமை. எங்கள் இயக்ககமும் அவ்வாறே இயங்குகிறது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. அர்த்தனாரியும் தட்டினார். எதற்கென்று தெரியாத கைதட்டலில் முதல் ஆளாகச் சேர்ந்துகொள்வது தற்காலிக ஆசிரியருக்கு உடம்போடு வந்த பழக்கம்.

"லாரித் தார்ப்பாயில் ஐலெட் இருக்கிறது. ஜன்னல் திரைச்சீலையில் இருக்கிறது. நம் தலைவர்களின் பேனர்களில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் தலைவர்கள் காற்றில் பறந்துவிடுவார்கள். இவ்வளவு ஏன்? நம் அலுவலகக் கோப்பின் மூலையில், டேக் நுழையும் ஓட்டையில் இருக்கிறது. ஐலெட் பிய்ந்தால் கோப்பு பிரியும். கோப்பு பிரிந்தால் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள். பிறகு நாட்டின் கதி என்ன?"

நாட்டின் கதியை நினைத்து மண்டபமே கவலைப்பட்டது. அப்போது பின்வரிசையிலிருந்து யுவராஜ் என்ற இளவயது ஆசிரியர் எழுந்தார். "சார், ஒரே ஒரு ஐலெட்டைக் கையில வாங்கிப் பாக்கலாங்களா?"

ஜீவானந்தம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பார்ப்பது இரண்டாம் கட்டப் பயிற்சி தம்பி. அடிப்பது மூன்றாம் கட்டம். இது முதல் கட்டம். இதில் நாம் ஐலெட்டை மதிக்கக் கற்றுக்கொள்கிறோம்."

மூன்று நாள் மதித்த பிறகு சான்றிதழ் கொடுத்தார்கள். மலை ஏறும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு வந்தபோதும் அர்த்தனாரி அதை மடங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க, மூணு நாளா என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள் நாமகிரி.

"ஓட்டையச் சுத்தி ஒரு வளையம் இருக்கோணுமாம்."

"அட, மொளகு காயப்போடற தார்ப்பாயத் தூக்கிப் பாத்தா தெரியப் போவுது. அதுக்கு நாமக்கல்லு வரைக்கும் போவோணுமா?"

படித்தவர்களுக்கும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறவர்களுக்கும் நடுவே தான் எந்தப் பக்கம் என்று அர்த்தனாரிக்கே அன்று குழப்பமாக இருந்தது.

இரண்டாம் கட்டப் பயிற்சியும் மூன்றாம் கட்டப் பயிற்சியும் வரவே இல்லை. ஐலெட்டுகள் வந்துவிட்டன. ஒரு சாக்கு நிறைய, பளபளவென்று, நெல் மாதிரி கொட்டிக் கிடந்தன. அடிக்கிற கருவி வேறு டெண்டரில் இருப்பதாகவும் அதுவரை 'உள்ளூர் வளங்களை'ப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் குறிப்பு இருந்தது. உள்ளூர் வளம் என்றால் ஓர் ஆணி, ஒரு சுத்தியல், பள்ளிக்கூட மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு. அர்த்தனாரி தண்டவாளத்தை இறக்கி மடியருகே வைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். முதல் அடி விழுந்ததும் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது என்று பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் அடிக்கடி விட்டுக்கொண்டே இருந்தது.

ஆனால் வேலை முடிந்தது. எல்லா ஷூக்களையும் வராந்தாவில் வரிசையாக அடுக்கிக் கயிறு கோர்த்து நிறுத்திவிட்டு, அர்த்தனாரி சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். வளையங்கள் வெயிலில் மின்னின. காகிதப் பூவைத் தவிர, அவர் வாழ்நாளில் ஆரம்பித்து முடித்த முதல் கைத்தொழில் அதுதான். யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் ஷூக்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை பிள்ளைகள் ஷூவோடு வந்தார்கள். வெறுங்காலோடும் வந்தார்கள். ஷூ இரண்டையும் கயிற்றால் முடிந்து கழுத்தில் மாட்டியிருந்தார்கள். ஆளுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மார்பில் ஆடிக்கொண்டிருந்தது.

"இதென்ன கண்ணு கூத்து?" என்று ஆறாம் வகுப்பு யமுனாவைப் பிடித்துக் கேட்டார் அர்த்தனாரி.

"சாமி காட்டுக்குள்ள செருப்புப் போடக் கூடாதுங்க சார்" என்றாள் யமுனா.

அவருக்கும் தெரியும். ஊருக்கும் பள்ளிக்கும் நடுவில் கோயில் காடு. அதற்குள் யாரும் காலில் எதுவும் போட்டு நடப்பதில்லை. கழற்றியதைக் கீழே வைப்பதும் இல்லை.

"கையில எடுத்துக்கிட்டு வரலாமில்ல?"

"ஒரு கையில சோத்துத் தட்டு, ஒரு கையில குடைங்க சார்."

"பையில போட்டுக்கறது?"

யமுனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பொஸ்தகத்தோட செருப்ப வெச்சா படிப்பு ஏறுங்களா சார்? வளையம் இல்லாட்டி இதக் கொண்டாரவே முடியாதுங்க. இப்ப நீங்க வளையம் அடிச்சு உட்டீங்களா, கயிறு கோத்துக் கழுத்துல மாட்டிக்கறோம். ரொம்பச் சவுரியமுங்க சார்."

"காட்டத் தாண்டினதும் கால்ல போட்டுக்கலாமே?"

"காட்டத் தாண்டினா பள்ளிக்கூடம் வந்துருதுங்களே. வகுப்புக்குள்ள செருப்புப் போட்டு வரக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

அர்த்தனாரி யோசித்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. எல்லா நியாயமும் சேர்ந்து ஷூவைக் கழுத்துக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தது. வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்றும் சொல்ல முடியாது. தினமும் ஷூ பள்ளிக்கு வந்ததா என்று பானுமதி டீச்சர் செல்போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். பிள்ளை வராவிட்டால் ஒருவரும் கேட்பதில்லை. ஷூ வராவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

சோதனைக்கு ஜீவானந்தம் வரும் நாளும் வந்தது. அன்று மட்டுமாவது காலில் போட்டு நிற்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் கெஞ்சி வைத்திருந்தார் அர்த்தனாரி. பதினோரு மணிக்கு வருகிறவர், துறையின் சரித்திரத்திலேயே இல்லாதபடி, ஒன்பது மணிக்கு வந்துவிட்டார். ஜீப் நின்றபோது பிள்ளைகள் காட்டை விட்டு அப்போதுதான் வெளியே வந்து, சேறு படிந்த வெறுங்காலோடு, கழுத்தில் ஷூ ஆட வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். இந்த மே மாதத்துக்குப் பிறகு ஜூன் மாதமே வராது என்று அர்த்தனாரிக்குத் தோன்றியது.

ஜீவானந்தம் முதலில் நின்ற யமுனாவிடம் போனார். கண்ணாடியை மாட்டினார். நிமிர்ந்து நின்றபடியே ஒரு ஷூவைக் கையில் ஏந்தி ஐலெட்டுகளை எண்ணினார். அடுத்த பிள்ளை. அதற்கடுத்த பிள்ளை. வரிசையின் கடைசிக்குப் போய்த் திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"நான் குனியவே இல்லை" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"மாவட்டம் மாவட்டமாகக் குனிந்து குனிந்து எண்ணி என் இடுப்பே போய்விட்டது. ஐலெட் கால் மட்டத்தில் இருக்கும்வரை எந்த அதிகாரியாலும் மனப்பூர்வமாகத் தணிக்கை செய்ய முடியாது. இங்கே அது அதிகாரியின் பார்வை மட்டத்துக்கு உயர்த்தப்பட்டிருக்கிறது. இது யாருடைய சிந்தனை?"

எல்லா விரல்களும் அர்த்தனாரியைக் காட்டின. யாருடைய சிந்தனையும் இல்லைங்க என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். பாதி குடித்த காபித் தம்ளர் நினைவுக்கு வந்தது. "நம்முளுதுதானுங்க" என்று அவர் வாய் சொல்லிவிட்டது. காது அதைக் கேட்டு வெட்கப்பட்டது.

பானுமதி டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. "சார், பிள்ளைங்க வெறுங்காலோட நிக்குதுங்களே, அது பரவாயில்லீங்களா?"

ஜீவானந்தம் முதல்முறையாகக் கீழே பார்த்தார். "அது பாதம்" என்றார்.

"ஆமாங்க."

"பாதம் மாணவரின் சொந்த உடைமை. ஷூ அரசு உடைமை. அரசு உடைமையைத்தான் நான் சோதிக்க முடியும், அதிலும் ஐலெட்டை மட்டும். பாதத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்க முன்மொழிவு போயிருக்கிறது. அது வரும்வரை பாதத்தில் நான் தலையிட்டால் அதிகார வரம்பு மீறலாகிவிடும். தவிர, காலில் போட்டால் ஷூ தேய்கிறது. கழுத்தில் போட்டால் தேய்வதில்லை. திட்டத்தின் ஆயுளைப் பாருங்கள் அம்மா."

கூட்டத்தில் நின்ற சின்னுசாமி தொண்டையைச் செருமினார். கோயில் காட்டுக்குப் பூசை வைக்கிற குடும்பம் அவருடையது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். "ஏனுங்க, கொளந்தைங்க கழுத்துல மாட்டினா வெளையாட்டுன்னு உட்டறலாமுங்க. நாளைக்குப் பெரியவங்களும் மாட்டினா, செருப்பு மாலையின்னு பேராயிருமுங்களே."

ஜீவானந்தம் புன்னகைத்தார். "ஐயா, செருப்புக்கு ஐலெட் உண்டா?"

"இல்லீங்க."

"ஐலெட் இல்லாதது செருப்பு. ஐலெட் உள்ளது ஷூ. ஆகவே இதைச் செருப்பு மாலை என்று அழைக்க முடியாது."

சின்னுசாமி தலையைச் சொறிந்தார். இவ்வளவு சுத்தமான தமிழில் சொன்னால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கும் பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. 'கழுத்தளவுக் காலணித் தணிக்கை முறை' என்ற பெயரில் சுற்றறிக்கை கிளம்பியது. மலை கடந்து சமவெளிப் பள்ளிகளிலும் பிள்ளைகள் ஷூவைக் கழுத்தில் மாட்டினார்கள். சிலருக்குப் பிடறியில் கயிறு அறுத்துப் புண்ணானது. இயக்ககம் சும்மா இருக்கவில்லை. பிடறிப் பிரிவைத் தொடங்கியது. பிடறிப் பிரிவு, கயிற்றுக்கு அடியில் வைக்கத் துணி மெத்தை ஒன்றைக் கண்டுபிடித்தது. மெத்தை நழுவாமலிருக்க அதன் நான்கு மூலையிலும் ஐலெட் வைத்தார்கள். ஐலெட் தேவை கூடியதால் ஐலெட் பிரிவு வளர்ந்தது. ஐலெட் பிரிவு வளர்ந்ததால் ஜீவானந்தம் இயக்குநரானார். முன்மாதிரித் திட்டத்தின் தந்தை என்று அர்த்தனாரியின் பெயரைப் பரிந்துரைத்து, சிறப்பு ஆணையாக அவரை நிரந்தரமாக்கக் கையெழுத்தும் போட்டார். செம்மேட்டு மைதானத்தில் விழா வைத்து, ஆணையைத் தன் கையாலேயே தருவதாக அறிவித்தார்.

விழா சந்தை நாளில் அமைந்துவிட்டது. பந்தலின் முகப்பில் ஐலெட்டுகளைக் கோர்த்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதிகாரிகள் எல்லாரும் பாலிஷ் போட்ட ஷூக்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையாக மேடைக்கு நடந்தார்கள். இயக்குநருடைய ஷூவுக்குப் பட்டுக் கயிறு. பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள்: "ஏனுங்க சாமி, இவங்கெல்லாம் அப்படி என்ன தப்புப் பண்ணிப்போட்டாங்க?"

நாமகிரி கோகிலாவோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பையனின் அப்பா, அம்மா. ஆர்டரைக் கண்ணால் பார்த்துவிட்டால் கையோடு நாள் குறித்துவிடலாம் என்று கீழேயிருந்து கிளம்பி வந்திருந்தார்கள். பையனின் அப்பா இந்த முறை தம்ளரைக் காலி செய்திருந்தார்.

மேடையின் முன்விளிம்பில் பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள். நடுவில் யமுனா. முதல் கழுத்து என்ற சிறப்பில் அவளுக்கு அந்த இடம். இயக்குநர் பேசத் தொடங்கியபோது, பக்கத்தில் நின்ற அர்த்தனாரி அவள் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைப்பதைக் கவனித்தார். கீழே விரித்திருந்த கம்பளமும் சிவப்பு. அதனால் முதலில் தெரியவில்லை. அவள் காலை எடுத்தபோது கம்பளம் அந்த இடத்தில் ஈரமாக இருந்தது.

"என்ன கண்ணு ஆச்சு?"

"மைதானத்துல பாட்டில் ஓடு கெடந்துச்சுங்க சார். மலையச் சுத்திப் பாக்க வந்தவங்க ஒடச்சுப் போட்டது. ஏறிருச்சு."

"சொல்றதுக்கு என்ன?"

"ஆடாம நிக்கோணும்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க."

இயக்குநர் மைக்கில் முழங்கினார்: "இன்று எங்கள் துறையில் குனிகிற ஊழியர் ஒருவர்கூட இல்லை என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்."

அர்த்தனாரி குனிந்தார். மண்டி போட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் அவள் பாதத்தைச் சுற்றினார். அவள் கழுத்தில் கிடந்த ஷூவைக் கழற்றி மெல்லக் காலில் நுழைத்தார். ஒரு பிள்ளையின் காலில் அந்த ஷூவை அவர் போட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேறு யாரும் போட்டுப் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கயிற்றை இழுத்தார். அது பட்டென்று அறுந்து கையோடு வந்தது.

"சார், உள்ளார குத்துதுங்க சார்" என்றாள் யமுனா.

ஷூவுக்குள் விரலை விட்டுத் தடவினார். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. வெளியே வழவழவென்று மின்னிய ஒவ்வொரு வளையத்துக்கும் உள்பக்கம் பல் பல்லாகப் பிளந்து நின்றது. கருவியில்லாமல் ஆணியால் அடித்த வேலை அப்படித்தான் இருக்கும். கயிற்றை இழுத்துக் கட்டினால் அதில் பட்டு அறுந்துவிடும். கால் பட்டாலும் அதே கதிதான். அவர் பெருமையாகத் தள்ளி நின்று பார்த்தது, அதிகாரிகள் எண்ணியது, படம் பிடித்து அனுப்பியது எல்லாம் வெளிப்பக்கம். பள்ளியில் இருக்கிற அத்தனை ஷூவும் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. கழுத்தில் தொங்குகிறவரை ஒன்றும் ஆகாது. கால் பட்டால்தான் குட்டு வெளிப்படும்.

பேச்சு நின்றுவிட்டது. இயக்குநர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தார். "என்ன செய்கிறீர்கள் அர்த்தனாரி?"

"பிள்ளைக்குக் கால்ல ரத்தமுங்க."

"அதைப் பார்க்கச் சுகாதாரத் துறை இருக்கிறது. எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். காலில் ஷூ இருந்தால் முன்மாதிரி என்ன ஆவது? ஆணை என் கையில் இருக்கிறது, பார்க்கிறீர்கள் அல்லவா? ஷூ எங்கே இருக்க வேண்டுமோ அங்கே மாட்டிவிடுங்கள்."

அர்த்தனாரிக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. இந்த வேலை எனக்குத் தெரியாதுங்க. இது என் யோசனையும் இல்லீங்க. எல்லா ஷூவையும் பிரிச்சு அடிக்கோணுமுங்க. மூன்றே வாக்கியம். அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் பையனின் அப்பா நன்றாகத் தெரிவதற்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். கோகிலா இரண்டு கையையும் கோர்த்து மடியில் வைத்திருந்தாள்.

"செத்த நேரம் பொறுத்துக்க சாமி" என்று யமுனாவிடம் சொன்னார். ஷூவை அவள் காலிலிருந்து உருவினார். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டார். குனிந்து நின்ற அவள் கழுத்தில் திரும்ப மாட்டிவிட்டார்.

கூட்டம் கைதட்டியது. இயக்குநர் ஆணையை அவர் கையில் கொடுத்தார். பிறகு யாரோ தட்டில் ஏந்தி வந்த புத்தம் புது ஷூ ஜோடியை இரு கையாலும் எடுத்து, எல்லாக் கேமராவுக்கும் தெரியும்படி, அர்த்தனாரியின் கழுத்தில் போட்டார். "இன்று முதல் இவர் நிரந்தரம்!" என்று மைக்கில் சொன்னார். மேளம் கொட்டியது. அர்த்தனாரி பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். படத்தில் அப்படித்தான் விழுந்திருக்கும்.

மேளம் கொட்டும்போதே நாமகிரி எழுந்து மேடைக்கு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. யமுனாவின் கழுத்திலிருந்த ஷூவைக் கழற்றி மேடை மேலேயே போட்டாள். அவளை இடுப்பில் தாங்கிக் கீழே இறக்கி, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காலைக் கழுவி, தன் ரப்பர் செருப்பை அவளுக்கு மாட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பையனின் அப்பா அர்த்தனாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பர்மனென்டே ஆயிட்டீங்க. இனி என்னங்க? இந்த மாசத்துக்குள்ள நல்ல நாளாப் பாத்துரலாமுங்க."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நாமகிரி வெறுங்காலோடு நின்றாள். காலில் கட்டுப் போட்ட யமுனா அவள் தோளில் சாய்ந்திருந்தாள். அவளை ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். அர்த்தனாரி விழாப் பந்தலிலிருந்து தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆணை சட்டைப் பைக்குள் இருந்தது. கழுத்தில் ஷூ கிடந்தது.

"சம்பந்தி ஊட்ல நாள் பாக்கச் சொல்லிட்டாங்க" என்றார்.

நாமகிரி யமுனாவைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டாள்.

"தையல் போட்டாங்களா?"

"போட்டாங்க."

அவர் அந்தக் கட்டைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்ததைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

"இருக்கட்டுங்க, கழட்டாதீங்க" என்றாள் நாமகிரி.

"விழாத்தான் முடிஞ்சு போச்சே."

"முடிஞ்சா முடியட்டுமுங்க. இத்தன நாளா ஒண்ணுந் தெரியாத கொளந்தைங்க கழுத்துல கெடந்துச்சு. இன்னிக்குத்தான் அது போட வேண்டிய கழுத்துல கெடக்குது."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடி அவரை மேலும் கீழும் பார்த்தார். அர்த்தனாரி அதைக் கழற்றவில்லை. மார்பில் ஷூ ஆட முதலில் ஏறி, யமுனா உட்கார ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்தார்.